ஒரு படித் தவிடு

டொக்.

சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. பிரபா கையிலிருந்த ஊசியை அப்படியே நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

டொக். டொக்.

இரும்பு பீரோவில் மண்டை மோதும் சத்தம். அவளுடைய ஒன்பது வயது மகள் கனிஷ்காவின் மண்டை. பீரோக் கதவில் ஒரு பழைய தலையணையைக் கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருந்தாள் பிரபா. ஆனால் கனிஷ்கா முதலில் அந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்ப்பாள். தலையணையை எடுத்துக் கட்டில்மேல் சீராக வைப்பாள். அதற்கப்புறம்தான் முட்ட ஆரம்பிப்பாள். முட்டுவதைக்கூடப் பார்த்துவிடலாம், அந்தப் பொறுமையைத்தான் பிரபாவால் பார்க்க முடியாது.

பத்துக்குள் நின்றுவிட்டால் தப்பித்தோம். பத்தைத் தாண்டினால் ஓடிப்போய் பீரோவுக்கும் நெற்றிக்கும் நடுவில் தன் கையை வைக்க வேண்டும். அப்படி வைத்து வைத்தே அவளுடைய வலது புறங்கை எப்போதும் கன்றிப் போய்ப் பச்சை பாரித்துக் கிடந்தது. பால் ஊற்றும் வீடுகளில் கேட்டால், "எரும முட்டிருச்சுங்க" என்பாள்.

ஏழு. எட்டு. நின்றுவிட்டது.

பிரபா மூச்சை விட்டாள். மடியில் கிடந்த சின்னப் பாவாடையில் மறுபடியும் ஊசியை ஏற்றினாள். இடுப்புப் பட்டையின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஓர் எண்ணைத் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நாலு. எல்லாத் துணியிலும் அதே முப்பத்து நாலு. சேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு விடுதியில் கனிஷ்காவுக்குக் கிடைத்திருக்கும் எண் அது. இப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கேயே தங்க வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். நாளைக் காலை பத்து மணிக்குள் கொண்டுபோய் விட வேண்டும். விடாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பை கட்டியாகிவிட்டது. இந்தப் பாவாடை ஒன்றுதான் பாக்கி.

இப்படிப்பட்ட பிள்ளை என்றால் எப்படிப்பட்ட பிள்ளை? அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை.

பிரபாவின் வீடு ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. பின்னால் கொட்டகையில் இரண்டு எருமைகள். கணவன் மோகன்குமாருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். வரும்போதெல்லாம் மகளுக்கு கவுனும் பொம்மையும் வாங்கி வருவான். கனிஷ்கா அந்தப் பொம்மைகளின் கழுத்தைத் திருகித் தொட்டித் தண்ணீரில் போடுவாள். பாவம், அவன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு எருமைகளிடம் போய் நின்றுகொள்வான்.

மூன்று பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. முதல் பள்ளியில் டீச்சரின் மணிக்கட்டைக் கடித்தாள். இரண்டாவது பள்ளியில் பக்கத்துப் பிள்ளையின் ஜடையைக் கத்தரித்தாள். மூன்றாவது பள்ளி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சேலத்து டாக்டர் ஆட்டிசம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நாமக்கல் டாக்டர் அதெல்லாம் இல்லை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு என்று எழுதினார். அவரும் ஒரு கேள்விக்குறி போட்டார். கோயமுத்தூரில் நான்கு மணி நேரம் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, "ரெண்டும் இருக்கலாம். இன்னும் கொஞ்சம் வளரட்டும், பார்ப்போம்" என்றார்கள். ஃபைல் தடிமனாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கொக்கி மாதிரி ஒரு கேள்விக்குறி. என் பிள்ளைக்கு ஒரு வியாதியாவது நிச்சயமாக இருக்கக் கூடாதா என்று அழுத தாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பிரபா கோயமுத்தூர் பஸ் நிலையத்தில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்று அப்படித்தான் அழுதாள்.

அந்த ஃபைலில் ஏறாத விஷயம் ஒன்று இருந்தது. கனிஷ்கா அவளை 'அம்மா' என்று கூப்பிட்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. "பிரபா, தண்ணி." "பிரபா, வெளக்கப் போடு." பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பிரபா டாக்டர்களிடம் சொன்னாள். இந்த மாதிரிப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவது உண்டு என்றார்கள். எப்போதிலிருந்து என்று ஒருவர் கேட்டார். பிரபா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்த நாள் தெரியும். கிழமைகூடத் தெரியும்.

வெளியே ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அக்கா! ஊட்ல இருக்கறீங்களா?"

பிரபாவின் விரலில் ஊசி ஏறியது. அந்தக் குரலை ஒன்றரை வருஷமாக அவள் கேட்கவில்லை. பாதி மறந்துகூடப் போயிருந்தாள். ஆனால் கேட்ட மாத்திரத்தில், எந்தச் சடங்கை நினைக்கக் கூடாது என்று ஓடிக்கொண்டிருந்தாளோ அதுவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது போல இருந்தது.

வந்தவள் ரஞ்சிதா. முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவள். இப்போது நாமக்கலுக்கு அந்தப் பக்கம் எருமப்பட்டியில் கணவனுடைய தோட்டத்துக்கே குடிபோய்விட்டாள். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. முழங்கையில் ஒரு கட்டைப் பை.

"தனுஷுக்குக் காது குத்தறமுங்க்கா. ஆவணி கடைசி ஞாயித்துக்கெழம. பழசெல்லாம் மனசுல வச்சுக்காம வரோணும்."

"உக்காரு ரஞ்சிதா. காபி வைக்கறேன்."

"ஒண்ணும் வேண்டாமுங்க. இன்னும் பத்து ஊட்டுக்குப் போகோணும்." உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"தனுஷுக்கு... தழும்பு?" என்றாள் பிரபா.

"மறைஞ்சே போச்சுங்க. முடியக் கொஞ்சம் இழுத்து உட்டா ஒண்ணுமே தெரியறதில்ல. அவனே மறந்துட்டான். நீங்க ஏனுங்க அதயே நெனச்சுட்டு இருக்கறீங்?" ரஞ்சிதாவின் கண், அறை மூலையில் இருந்த பையின்மேல் போனது. "எங்கயாச்சும் பயணமுங்களா?"

பிரபா சொன்னாள். விடுதி, முப்பத்து நாலு, நாளைக்குக் காலை பத்து மணி.

"அய்யோ அக்கா! அண்ணன் ஒத்துக்கிட்டாரா?"

"அவர்தான் போன்ல சொன்னாரு. அங்க உட்டாத்தான் ரெண்டு பேரும் உசுரோட இருப்பீங்கன்னு. சொல்லிப்போட்டு ரிக்க ஆஃப் பண்ணாமயே அழுதாரு. அந்தச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சாராட்ட இருக்குது."

போன வருஷம் தை மாதம். நாமகிரிப்பேட்டையில் ஒரு ஜோசியர், "இந்தப் புள்ள உங்க வயித்துல பொறக்க வேண்டியதே இல்ல. தோஷத்துல வந்து பொறந்துருச்சு. தவிட்டுக்கு வித்து வாங்கிருங்க, சரியாயிரும்" என்று சொல்லியிருந்தார். ஊரில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான். தங்காத பிள்ளை, அடிக்கடி நோவு காணும் பிள்ளை என்றால் பிள்ளை குட்டி நிறைந்த வீட்டாருக்கு 'எனக்கு வேண்டாம்' என்று கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு படித் தவிட்டைக் கொண்டுபோய், அவர்கள் வாசலில் நின்று விலைக்குக் கேட்டு வாங்கி வருவார்கள். இது வேறு வீட்டுப் பிள்ளை என்று தோஷம் ஏமாந்து போகுமாம். மூன்று பிள்ளைக்காரியான ரஞ்சிதா வாங்குவதற்குச் சம்மதித்தாள்.

ஆனால் அது பச்சைக் குழந்தைக்குச் செய்கிற சடங்கு. ஏழரை வயதுப் பிள்ளைக்குக் காது இருக்கிறது என்பதை ஜோசியரும் யோசிக்கவில்லை, பெற்றவளும் யோசிக்கவில்லை.

முறத்தில் கனிஷ்காவை நிற்க வைத்துக்கொண்டு, பிரபா மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இந்தப் புள்ள வேண்டாம், நீயே எடுத்துக்க. முதல் தடவை வெட்கத்தோடு சொன்னாள். இரண்டாம் தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது, அய்யோ, அது வாயிலிருந்து வரவில்லை! ஏழு வருஷமாகத் தூங்காத கண்ணிலிருந்து, கடிபட்ட தோளிலிருந்து, யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடாத வீட்டிலிருந்து வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் அதை மெய்யாகவே சொன்னாள். முறத்தில் நின்ற கனிஷ்கா சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் ஒன்றரை வருஷமாக பிரபாவுடன் அந்த வீட்டில் குடியிருந்தது. பால் கறக்கும்போது செம்புக்குள் தெரியும். உலை கொதிக்கும்போது ஆவிக்குள் தெரியும்.

அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள், ரஞ்சிதாவின் மகன் தனுஷை கனிஷ்கா மாடிப் படியிலிருந்து தள்ளிவிட்டாள். நெற்றியில் ஆறு தையல். ரஞ்சிதாவின் புருஷன் கனிஷ்காவைத் தரதரவென்று இழுத்து வந்து இந்த வாசலுக்குள் தள்ளிவிட்டுப் போனான். படியில் அளந்து வைத்த தவிடு அடுப்படியிலேயே இருந்தது. கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. மறுநாள் காலை பிரபா அதை எடுத்து எருமைக்குக் கரைத்துவிட்டாள். அடுத்த மாதமே ரஞ்சிதா குடும்பம் ஊரைவிட்டுப் போனது.

பேச்சு நின்றபோதுதான், உள்ளே சத்தமும் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது இருவருக்கும் உறைத்தது. நிலைப்படியில் கனிஷ்கா நின்றுகொண்டிருந்தாள். நெற்றி நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. அவள் ரஞ்சிதாவைத்தான் பார்த்தாள். இமைக்கவே இல்லை.

பிரபா துள்ளி எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். "ரஞ்சிதா, தாம்பாளத்த மடியில வச்சுக்க. மொகத்தக் குடுக்காத."

ஆனால் கனிஷ்கா பாயவில்லை. திரும்பி உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம். திரும்பி வந்தபோது நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை. பிரபாவைச் சுற்றிக்கொண்டு போய் அதை ரஞ்சிதாவின் தாம்பாளத்தில், வெற்றிலைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

தவிடு. சிக்குப் பிடித்து, வண்டு விழுந்து, கசந்த வாடை அடித்தது.

பிரபாவுக்கு இந்தத் தவிட்டுச் சமாசாரம் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். கனிஷ்கா கொட்டகை மூட்டைக்குள் கைவிட்டுப் பிடி பிடியாகத் திருடுவாள். தின்கிறாள் என்று நினைத்து பிரபா முதுகில் சாத்தியிருக்கிறாள். மண் தின்கிற வியாதியாக இருக்கலாம் என்று ஒரு டாக்டர் எழுதிவைத்தார். கேள்விக்குறியோடுதான். இரண்டு தடவை வீட்டைவிட்டு ஓடி, பஸ் நிலையத்தில் நாமக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவளைக் கண்டக்டர்கள் பிடித்து அனுப்பியபோதும், புத்தகப் பையில் டிபன் பாக்ஸ் நிறையத் தவிடுதான் இருந்தது. இரண்டு தடவையும் பிரபா அதை எருமைக்குத்தான் கொட்டினாள்.

"ஒரு படி இருக்குது" என்றாள் கனிஷ்கா. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அளந்துட்டேன். மொத ரெண்டு தடவ பிரபா கொட்டிப்போட்டா. இது மூணாவது."

"எதுக்கு அம்மிணி இது?" என்றாள் ரஞ்சிதா.

"எனக்கு. என்னய வாங்கறதுக்கு. பிரபா வாங்கவே இல்ல. அதனால நானே வாங்கிக்கறேன். உங்க ஊடு எருமப்பட்டி. பஸ்ல வந்தா கண்டக்டர் உடமாட்டீங்கறாரு."

கொட்டகையில் எருமை ஒன்று சங்கிலியை இழுத்தது.

"ஏன் சாமி அம்மாவப் பேரு சொல்லிக் கூப்படற?" என்று மெல்லக் கேட்டாள் ரஞ்சிதா.

"நீங்கதான சொன்னீங்க. இனி நாந்தான் உங்கம்மா, அவிய வெறும் பிரபான்னு."

ரஞ்சிதா வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிப்புக்குச் சொன்னேனுங்க்கா! சத்தியமா சிரிப்புக்கு! மொறத்துலருந்து தூக்கறப்ப அழுகாம இருக்கட்டும்னு... அய்யோ, என்ற வாய்ல புண்ணு வந்திருக்கக் கூடாதா!"

கனிஷ்கா அதைக் காதில் வாங்கவில்லை. "எடுத்துக்குங்க" என்று டப்பாவைத் தள்ளினாள். "நாளைக்கு முப்பத்து நாலுக்குப் போகோணும். அதுக்கு முன்னால வாங்கியாகோணும். இல்லன்னா உங்க புள்ளயாத்தான் போவேன்."

பிரபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷம்! தெய்வக் குற்றம் என்று அவள் எத்தனை கோயில் சுற்றினாள். எத்தனை டாக்டர் வாசலில் டோக்கன் வாங்கினாள். இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளை, தான் யாருடையவள் என்று தெரியாமல், பிடி பிடியாகத் தன் விலையைச் சேர்த்துக்கொண்டிருந்ததே! ஓடுகிறாள் ஓடுகிறாள் என்று கதவைப் பூட்டினோமே, அவள் ஓடியது இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்கா?

எல்லாம் தவிட்டால் வந்த வினை என்று சொல்லிவிட முடியாது. தவிட்டுக்கு முன்பே கனிஷ்கா கடித்தாள், முட்டினாள். நாளைக்கும் கடிப்பாள், முட்டுவாள். ஃபைலில் இருக்கிற கேள்விக்குறிகளில் ஒன்றுகூட இன்று அழியப் போவதில்லை. அது பிரபாவுக்கும் தெரிந்தது. ஆனால் இந்த ஒன்று வியாதி இல்லை. இது அவள் கையால் செய்தது.

"நீ வாங்கக் கூடாது சாமி" என்று எழுந்தாள். "உன்னய நீயே வாங்கக் கூடாது. நாந்தான் வாங்கோணும்."

கொட்டகைக்கு ஓடினாள். மூட்டையைப் பிரித்துப் புதுத் தவிடாக அள்ளிப் படியில் போட்டாள். தலையைத் தட்டிச் சமன் செய்யவில்லை. கோபுரமாகக் குவித்தாள். பின்பக்கமாக வீட்டுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு வந்து, தன் வீட்டு வாசலுக்கு வெளியே, வெயிலில், கேட்க வந்தவளாக நின்றாள். உள்ளே ரஞ்சிதா எழுந்து, கனிஷ்காவுக்குப் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. தொட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவளுக்கும் நினைவிருந்தது.

"அம்மா, தாயே," பிரபாவின் கண்ணீர் தவிட்டில் விழுந்தது, "இந்தப் புள்ளய எனக்குக் குடுங்க. தவிடு கொண்டாந்திருக்கறேன்."

"எந்தப் புள்ளைங்க?" முறைப்படி கேட்க வேண்டிய கேள்வியை அழுதுகொண்டே கேட்டாள் ரஞ்சிதா.

"கனிஷ்கா. இந்தப் புள்ளயக் குடுங்க. எனக்கு வேணும்."

"மூணு தடவ" என்றாள் கனிஷ்கா. "ரெண்டுதான் ஆச்சு."

மூன்றாவது தடவைக்கு பிரபா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அன்றைக்கும் மூன்றாவதுதானே மெய்யாக வந்தது! இன்று மெய்யாக வருமா? தோளில் பல் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது. நாளைக்குப் பத்து மணிக்கு மேல் கிடைத்திருக்கக்கூடிய தூக்கம், அந்த அமைதி, யாரும் முட்டாத பீரோ எல்லாம் கண்முன் வந்து நின்றன. ஆசையாக இருந்தது. அந்த ஆசையை வைத்துக்கொண்டே எப்படிக் கேட்பது? கனிஷ்கா தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். சில்லறையைச் சுண்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்களைப் போல, அவள் அம்மாவின் குரலுக்குக் காது வைத்திருந்தாள்.

"எனக்கு..." பிரபா படியை நிலைப்படிக்கு நேராக நீட்டினாள். "எனக்கு இந்தப் புள்ள வேணும். குடுங்க."

மெய்யாக வந்ததா? அவளுக்கே தெரியவில்லை. சாகும் வரைக்கும் தெரியப் போவதில்லை. கனிஷ்கா வெகு நேரம் அவளையே பார்த்தாள். அப்புறம் ஒரு கால் எடுத்து நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள். படியைத் தன் கையில் வாங்கி, ஒரு துளி சிந்தாமல் ரஞ்சிதாவின் கட்டைப் பைக்குள் கொட்டினாள். உள்ளே போய்ப் பழைய டப்பாவை எடுத்து அதையும் கொட்டினாள்.

"இது சேத்தி. வட்டி."

ரஞ்சிதா அழுகையினூடே சிரித்துவிட்டாள். பிரபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, அப்ப நாளைக்கு?" என்று பையின் பக்கம் கண்ணைக் காட்டினாள் ரஞ்சிதா.

"இப்பத்தானே வாங்கியிருக்கறேன்" என்றாள் பிரபா. "நாளைக்கே எப்படி உடறது? போன் பண்ணிச் சொல்லிர்றேன். அந்த எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துரட்டும்." சொல்லிவிட்டாளே தவிர, நாளைக்குச் சாயங்காலம் எப்படி இருக்கும், அடுத்த வருஷம் எப்படி இருக்கும், பிள்ளை தன்னைவிட உயரமாக வளர்ந்து முட்டும்போது எந்தக் கையை நடுவில் வைப்பது என்று எதுவும் தெரியவில்லை.

விற்றவர்கள் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. ரஞ்சிதாவுக்கு முறை தெரியும். தாம்பாளத்தையும் தவிட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாசல் இறங்கினாள். தோள் குலுங்கியதே தவிர, தலை திரும்பவில்லை. ஸ்கூட்டி சாலையில் ஏறும் வரை கனிஷ்கா வாசலிலேயே நின்று, அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று கண்காணித்தாள்.

பிறகு உள்ளே வந்தாள்.

"பிரபா, கதவச் சாத்து."

பிரபாதான். இன்னும் பிரபாதான். அவள் கதவைத் தள்ளினாள். கனிஷ்காவும் பக்கத்தில் வந்து, கையில் கை படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, சேர்ந்து தள்ளினாள். எட்டித் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள்.

டொக்.

தாழ்ப்பாள்தான் விழுந்தது. ஆனாலும் பிரபாவின் வலது கை, தன்னை அறியாமல், அந்தச் சத்தத்துக்கும் பிள்ளையின் நெற்றிக்கும் நடுவே நீண்டிருந்தது.